காட்டுக்குள் போன தேர்: பஸ்தர் தசராவில் ஆறு நாட்கள்

முதல் நாள்: சப்தமி

விசாகப்பட்டினத்திலிருந்து காலையில் புறப்பட்ட கிரந்துல் ரயில், ஐம்பதுக்கும் மேற்பட்ட மலைக் குகைகளுக்குள் நுழைந்து வெளியேறி, அரக்குப் பள்ளத்தாக்கையும் கோராபுட் மேட்டுநிலத்தையும் கடந்து, மாலையில்தான் என்னை ஜக்தல்பூரில் இறக்கிவிட்டது. பைலாடிலா மலையின் இரும்புத் தாதைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்காக 1960களில் போடப்பட்ட பாதை இது. எதிரே வந்த சரக்கு ரயில்கள் எல்லாம் செம்மண் நிறத் தாதைச் சுமந்து கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. என் பெட்டியில் இருந்தவர்களோ தலைச்சுமையும் குழந்தைகளுமாக, பஸ்தரின் காவல் தெய்வமான தந்தேஸ்வரி அம்மனின் திருவிழாவுக்காக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சத்தீஸ்கர் மாநிலத்தின் தெற்கில் உள்ள பஸ்தர் பகுதியில், இந்திராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது ஜக்தல்பூர். இங்கே தசரா பத்து நாள் விழா அன்று. எழுபத்தைந்து நாள் விழா. ஆடி மாதத்தையொட்டி வரும் ஹரேலி அமாவாசையில், பிலோரி காட்டிலிருந்து கொண்டுவந்த மரத்துண்டு ஒன்றுக்குப் பூசை செய்து தொடங்குகிறார்கள். அதற்குப் பாட் ஜாத்ரா என்று பெயர். நாட்டின் வேறு பகுதிகளில் இராவணனின் உருவத்தை எரிக்கும் விசயதசமி நாளில் இங்கே எதையும் எரிப்பதில்லை. இந்த விழா இராமனைப் பற்றியதே அன்று. அம்மனைப் பற்றியது, அவளைச் சுற்றி வாழும் கோண்டு, முரியா, மாரியா, ஹல்பா, பத்ரா, துர்வா என்னும் பழங்குடி மக்களைப் பற்றியது.

அறையில் பையை வைத்துவிட்டு ஓடியதால், பூத்தேரின் கடைசிச் சுற்றைப் பார்க்கக் கிடைத்தது. துவிதியை முதல் சப்தமி வரை ஒவ்வொரு மாலையும் நான்கு சக்கரங்கள் கொண்ட இந்தத் தேர், அரண்மனைக்கு எதிரே மாவ்லி அம்மன் கோயிலைச் சுற்றி வருகிறது. நம் ஊர்த் தேர்களைப் போலச் செதுக்கிய சிற்பங்கள் இதில் இல்லை. உருண்டைக் கட்டைகளையும் பலகைகளையும் பொருத்தி, துணியும் பூவும் சுற்றி எழுப்பிய உயரமான மேடை இது. அதன் உச்சியில் அம்மனின் திருவுருவமும் வைக்கப்படுவதில்லை. தந்தேஸ்வரியின் குடை மட்டும், அதைப் பிடித்திருக்கும் பூசாரியோடு ஏறுகிறது. முன்பு அக்குடையின் கீழ் அரசரும் அமர்ந்து வந்திருக்கிறார். இன்று அவருடைய இடம் வெறுமையாக இருக்கிறது.

கோலாகலமான வாத்தியங்களுக்கு நடுவே, தேரின் முன்னே ஒரு சிறு குழு கையில் அடக்கமான பறைகளைத் தட்டி, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு வந்தது. போடாநார் கிராமத்து முண்டா மக்கள் அவர்கள். அம்மனுக்கு அந்தப் பாட்டைப் பாடும் உரிமை அவர்களுடையது என்று அருகில் நின்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் சொன்னார். "இங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஊர் உண்டு, ஐயா. அந்த ஊர் வராவிட்டால் அந்த வேலை நடக்காது" என்றார். இந்த வாக்கியத்தை இன்றிரவு குறிப்பேட்டின் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள்: அஷ்டமி

காலையில் சிரஹாசார் பவனுக்குப் போனேன். நகரின் நடுவே உள்ள இந்தப் பழைய மண்டபம்தான் விழாவின் இதயம். உள்ளே நுழைந்ததும் கூடத்தின் நடுவில் மனிதர் ஒருவர் உட்காரும் அளவுக்கு வெட்டிய குழி தெரிந்தது. ஹல்பா குலத்து இளைஞர் ஒருவர் பிரதமை முதல் அதற்குள் அமர்ந்திருக்கிறார். நவராத்திரியின் ஒன்பது நாட்களும் உணவு இல்லாமல், எழாமல், விழா தடையின்றி முடியவேண்டும் என்ற ஒரே நோக்கோடு நோன்பிருக்கிறார். ஜோகி என்று அவரை அழைக்கிறார்கள். படா ஆமாபால் கிராமத்திலிருந்து ஒருவர் இப்படி வந்து அமர்வது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம். வருகிறவர்கள் குழியின் விளிம்பில் பூவும் தானியமும் வைத்து வணங்கிப் போகிறார்கள். அவர் கண்களை ஒரு முறை நேராகப் பார்த்தேன். இன்னொரு முறை பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பலர் செல்பேசியை நீட்டிப் படம் எடுத்தார்கள். என்னால் எடுக்க இயலவில்லை.

மண்டபத்துக்கு வெளியே எட்டுச் சக்கரத் தேர் தயாராகிக்கொண்டிருந்தது. பேடா உமர்காவ், ஜார் உமர்காவ் என்னும் இரண்டு ஊர்களின் தச்சர்களும் கொல்லர்களும் வாரக் கணக்கில் இங்கேயே தங்கி, சால மரத்தில் இதைச் செய்கிறார்கள். வாய்ச்சி, கோடரி, உளி ஆகியவைதான் கருவிகள். அச்சுக்கட்டையின் துளையை ஒருவர் இழைக்கும்போது, மற்றொருவர் நீட்டிய விரல்களாலேயே அளவு பார்த்தார். வரைபடம் எங்கே என்று கேட்டேன். அவர் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். நான்கு சக்கரத் தேரையும் எட்டுச் சக்கரத் தேரையும் ஆண்டு மாற்றி ஆண்டு புதிதாகக் கட்டுவதால், இந்த அறிவு ஒருபோதும் ஓய்வெடுப்பதில்லை.

தேர் இங்கே வந்த கதையை எல்லாரும் சொல்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் பஸ்தரை ஆண்ட புருஷோத்தம தேவ், தரையில் விழுந்து வணங்கியபடியே பூரிக்கு யாத்திரை போனார் என்றும், ஜகந்நாதரின் அருளால் இரதபதி என்ற பட்டத்தோடு திரும்பினார் என்றும் வரலாற்று மரபு கூறுகிறது. பன்னிரண்டு சக்கரத் தேரை இழுப்பது பெரும்பாடாக இருந்ததால், பின்னாளில் அது எட்டாகவும் நான்காகவும் பிரிந்தது. புருஷோத்தம தேவ் பிறந்த குலமோ ஓரங்கல்லின், அதாவது இன்றைய வாரங்கல்லின், காகதீயர்களுடையது. 1323இல் ஓரங்கல் வீழ்ந்தபின், பிரதாபருத்திரனின் தம்பி அன்னமதேவன் இந்தக் காட்டுக்குள் வந்து அரசை நிறுவினான். அம்மன் அவனுக்குப் பின்னால் சிலம்பொலியோடு நடந்துவந்தாள், சங்கினி, டங்கினி ஆறுகள் கூடும் மணலில் ஒலி அமுங்கவே அவன் திரும்பிப் பார்த்தான், அவள் அங்கேயே நின்றுவிட்டாள் என்பது கதை. அந்த இடம்தான் தந்தேவாடா. வெளியிலிருந்து வந்த அரச குலம் இங்கே நிலைக்க வேண்டுமென்றால், முன்பே இருந்த மக்களின் தெய்வங்களோடும் அவர்களின் உரிமைகளோடும் உடன்பாடு செய்துகொண்டே ஆகவேண்டும். அந்த உடன்பாட்டை ஆண்டுதோறும் புதுப்பிப்பதுதான் இந்தத் தசரா என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த எண்ணத்தோடுதான் மதியம் பங்காராம் சௌக்கில் உள்ள காச்சன் குடியைப் பார்க்கப் போனேன். நவராத்திரிக்கு முந்தைய அமாவாசை மாலையில் நடக்கும் காச்சன் காதி என்ற சடங்கை நான் தவறவிட்டுவிட்டேன்; கோயிலை மட்டுமே பார்க்க முடிந்தது. மிர்கான் குலத்துச் சிறுமி ஒருத்தியின் மேல் காச்சன் தேவி இறங்குகிறாள். முள் பரப்பிய ஊஞ்சலில் அவளைக் கிடத்தி ஆட்டுகிறார்கள். அரச குடும்பத்தவர் அவள் முன் கைகூப்பி நின்று, விழா நடத்த அனுமதி தருமாறு கேட்கிறார். அவள் மலர் கொடுத்தால்தான் விழா. சமூக வரிசையில் மிகத் தாழ்த்தி வைக்கப்பட்ட குலங்களுள் ஒன்று அது. அக்குலத்துச் சிறுமியின் வாயிலிருந்து சம்மதம் பெறாமல் அரசனால் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. கோயிலின் வெற்று முற்றத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். முள்ளில் கிடக்கும் குழந்தையை நினைத்து மனம் கலங்கியது. அவளுடைய சொல்லுக்குள்ள மதிப்பை நினைத்தபோது, அந்தக் கலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்ப்பிட எனக்கு உரிமை இல்லை என்றும் பட்டது. இரண்டு உணர்வுகளும் இப்போதும் சேர்ந்தே இருக்கின்றன.

நள்ளிரவில் நிசா ஜாத்ரா. ராவுத் குலத்தார் சமைத்த படையலை மண்பானைகளில் இட்டுக் காவடியாகச் சுமந்து வந்தார்கள். ஆடுகள் பலியிடப்பட்டன. முற்காலத்தில் எருமைகளும் வெட்டப்பட்டனவாம். பூசை முடிந்ததும் காலிப் பானைகளை உடைக்கும் ஓசை இருட்டில் கேட்டது. கூட்டத்தில் நெருங்கிப் போக எனக்கு மனமில்லை, தெருமுனையிலேயே நின்றேன்.

மூன்றாம் நாள்: நவமி

மாலையில் ஜோகியை எழுப்பினார்கள். ஒன்பது நாள் மடங்கியிருந்த கால்களை அவர் நிமிர்த்தும்போது இருவர் தாங்கிக்கொண்டனர். மண்டபமே ஒரு கணம் மூச்சை அடக்கியது போலிருந்தது.

இரவில் மாவ்லி பர்காவ், அதாவது மாவ்லி அம்மனை எதிர்கொண்டு அழைக்கும் நிகழ்ச்சி. தந்தேவாடாவிலிருந்து அம்மனின் பல்லக்கும் குடையும் எண்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருகின்றன. அரச குடும்பத்தவரும் பூசாரிகளும் வெறுங்காலோடு எதிரே சென்று வணங்கி, பல்லக்கைத் தோளில் ஏந்தி அரண்மனைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மனோடு நூற்றுக்கணக்கான ஊர்த்தெய்வங்களும் வந்திருந்தன. இந்தப் பகுதியில் தெய்வம் என்றால் கற்சிலை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கா தேவ் என்பது இரண்டு நீண்ட கட்டைகளைக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, மயிலிறகும் வெள்ளி நாணயங்களும் கட்டிய சட்டம். நான்கு பேர் தோளில் அதைச் சுமக்கிறார்கள். தெய்வம் இறங்கியதும் சட்டம் தானாகவே ஓடுகிறது, திரும்புகிறது, மற்றொரு அங்காவோடு மோதி நலம் விசாரிக்கிறது. ஓர் அங்கா என் பக்கம் வேகமாகச் சாய்ந்தபோது நானும் அருகிலிருந்தவர்களும் சிதறி ஒதுங்கினோம். சுமந்தவர்களின் முகத்தில் அதை ஓட்டுகிறவர்களின் பாவனை இல்லை; இழுத்துச் செல்லப்படுகிறவர்களின் திகைப்புத்தான் இருந்தது.

நான்காம் நாள்: விசயதசமி, பீத்தர் ரைனி

இன்று எட்டுச் சக்கரத் தேரின் நாள். அதை இழுக்கும் உரிமை கிலேபால் பகுதியைச் சேர்ந்த மாரியா மக்களுடையது. பகலிலிருந்தே ஊர் ஊராக வந்து, தேரடியிலும் கடை வாசல்களிலும் குந்தியிருந்தார்கள். வடம் என்று நான் மனத்தில் வைத்திருந்தது தேங்காய் நார்க் கயிறு. இங்கே இருந்ததோ சியாடி என்னும் காட்டுக்கொடியின் பட்டையைத் திரித்துச் செய்த, என் மணிக்கட்டைவிடத் தடித்த கயிறு. அதைத் திரிப்பதற்கும் தனி ஊர்கள் உண்டு.

காத்திருந்த நேரத்தில், இந்தி தெரிந்த இளைஞர் ஒருவர் வழியாகச் சில பெரியவர்களோடு பேசினேன். அவர்களுடைய மொழி கோண்டியின் கிளை. நம் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. படித்து அறிந்ததுதான், ஆனாலும் காதால் கேட்பது வேறு. விரல்விட்டு எண்ணச் சொன்னேன். "உண்டி, ரண்ட், மூண்ட், நாலுங்" என்றார் ஒரு பெரியவர். நான் "இரண்டு, மூன்று, நாலு" என்றேன். அவர் மறுபடி எண்ணினார். நானும் மறுபடி எண்ணினேன். மீனுக்கு மீன்தான். கையைக் காட்டினேன், கய் என்றார். ஊருக்கு நார் என்கிறார்கள். நம் நாடு என்ற சொல்லோடு அது உறவுடையது என்பதை மொழியியலார் காட்டியிருக்கிறார்கள். முதல் நாள் கேட்ட போடாநாரும், 1910இல் ஆங்கில ஆட்சிக்கு எதிரான பூம்கால் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய குண்டா தூர் பிறந்த நேதாநாரும் சட்டென்று எனக்கு அயலூர்களாக இல்லாமல் போயின. அவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் தம் சால இலைத் தொன்னையிலிருந்த மகுவா மதுவை நீட்டினார். நான் குடிப்பவன் அல்லன். ஆனாலும் உதட்டில் வைத்து வணங்கித் திருப்பிக் கொடுத்தேன், அவர் மனம் கோணவில்லை.

இருட்டிய பிறகு குடை ஏறியது, துப்பாக்கி மரியாதை முழங்கியது, தேர் அசைந்தது. நானூறு ஐந்நூறு பேர் ஒரே மூச்சில் இழுக்க, சக்கரங்கள் முனகிக்கொண்டு சுழன்றன. மூலை திரும்பும் ஒவ்வொரு முறையும், நம் ஊரில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் போலவே சிலர் கட்டைகளோடு சக்கரத்தினருகே பாய்ந்தார்கள். சுற்று முடிந்து, குடை இறங்கிக் கோயிலுக்குள் போயிற்று. வெளியூர் மக்களில் பலர் அத்துடன் கலைந்தார்கள். ஆசிரியர் எனக்கு முன்பே சொல்லியிருந்ததால் நான் நின்றேன்.

நள்ளிரவு கடந்ததும் மாரியா மக்கள் தேரைத் திருடினார்கள். அதற்குத் திருட்டு என்றே பெயர். அரண்மனை முன்னால் நின்ற அந்தப் பிரம்மாண்டமான தேரை இழுத்துக்கொண்டு, நகரத்தின் தெருக்களைக் கடந்து, சுமார் மூன்று கிலோமீட்டரில் உள்ள கும்ஹடாகோட் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு காலத்தில் அரசன் மேல் மனக்குறை கொண்ட மாரியாக்கள் தேரை மறைத்துவைத்தார்கள் என்றும், அரசனே தேடிவந்து அவர்களோடு உட்கார்ந்து புதுநெல் உணவை உண்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். நான் தேருக்குப் பின்னால் நடந்தேன். முன்னால் கூச்சல், பின்னால் அமைதி. வழியெங்கும் வீட்டு வாசல்களில் தூக்கக் கலக்கத்தோடு மக்கள் நின்று கும்பிட்டார்கள். காவலர்கள் வழி ஒதுக்கிக் கொடுத்தார்கள். மணி மூன்றாகிவிட்டது. இதை எழுதும்போதும் உள்ளங்கால் எரிகிறது.

ஐந்தாம் நாள்: ஏகாதசி, பாஹர் ரைனி

கும்ஹடாகோட்டில் தேர் சால மரங்களுக்கு நடுவே நின்றது. அந்த மரத்தாலேயே ஆனது அது. தன் உறவினர்களுக்கு நடுவே திரும்பி வந்தது போலத் தோன்றியது.

மதியத்துக்குப் பின் அம்மனின் குடையோடு அரச குடும்பத்தவர் வந்தனர். புதிதாக அறுத்த நெல்லின் அரிசியைச் சமைத்து முதலில் அம்மனுக்குப் படைத்தார்கள். பிறகு அனைவரும் பகிர்ந்து உண்டார்கள். நவாகானி என்பது அதன் பெயர். தஞ்சைப் பக்கத்தில் புதிர் எடுக்கும் நாளில், புத்தரிசியைப் பால் விட்டுப் பிசைந்து என் பாட்டி முதலில் எனக்கு ஊட்டியது நினைவுக்கு வந்தது. எனக்கும் தொன்னையில் ஒரு கைப்பிடி வைத்தார்கள். சூடு ஆறவில்லை, இலையின் மணம் சோற்றில் ஏறியிருந்தது.

நிறைய யோசித்தேன். பஸ்தர் சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்தது. இன்று அரசன் என்ற பதவிக்குச் சட்டத்தில் இடம் இல்லை. கடைசியாக மக்களால் அரசராகவே மதிக்கப்பட்ட பிரவீர் சந்திர பஞ்ச்தேவ், 1966 மார்ச் 25 அன்று ஜக்தல்பூர் அரண்மனையிலேயே காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவரோடு பழங்குடியினர் பலரும் உயிரிழந்தனர். இன்றும் பல வீடுகளிலும் கடைகளிலும் அவருடைய படத்துக்கு அம்மன் படத்தின் அருகிலேயே மாலை போட்டிருக்கிறார்கள். அந்தக் காயத்தை அறிந்த பிறகு, மரநிழலில் அரச குடும்பத்தவரும் மாரியாக்களும் ஒரே சோற்றை உண்பதைப் பார்க்கையில், இது பழங்காலத்தின் நாடகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேரைத் தூக்கிக்கொண்டு போய்விடும் உரிமை குடிகளுக்கு உண்டு, தேடி வந்து உட்காரும் கடமை ஆள்பவருக்கு உண்டு என்று ஆண்டுக்கொரு முறை ஊரறியச் செய்து காட்டுகிறார்கள்.

மாலையில் தேர் திரும்பியது. வழியெல்லாம் அத்தனை கூட்டம். பெண்கள் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். சந்தைத் தெருவில் சிவப்பு எறும்புத் துவையலும் வறுத்த கடலையும் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி, தேர் நெருங்கியதும் கூடையைத் துணியால் மூடிவிட்டு எழுந்து, அது கண்ணை விட்டு மறையும் வரை உட்காரவே இல்லை.

ஆறாம் நாள்: துவாதசி, முரியா தர்பார்

காலையில் காச்சன் தேவிக்கு நன்றி சொல்லும் காச்சன் ஜாத்ரா நடந்தது. பிற்பகலில் சிரஹாசார் பவனில் முரியா தர்பார். முரியா மக்களின் கிளர்ச்சி நடந்த 1876ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. ஆட்சியாளர்கள் முன்னிலையில் மக்களின் தலைவர்கள் தங்கள் குறைகளை நேரில் சொல்வதற்கான சபை. அரசனும் அதிகாரிகளும் அமர்ந்த இடத்தில் இன்று மாநில முதலமைச்சரும் அமைச்சர்களும் அமர்கிறார்கள். பர்கனா என்னும் ஊர்த்தொகுதிகளின் தலைவர்களான மாஞ்சிகள் தலைப்பாகை அணிந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு சால்கி, நாயக், பாய்க் என்னும் மற்றப் பொறுப்பாளர்களும், மெம்பரீன் எனப்படும் பெண்களும் இருந்தார்கள். ஆறு நாட்களில் நான் பார்த்த சடங்குகளில் இதுவே மிகக் குறைந்த அழகுடையது. நாற்காலிகள், ஒலிபெருக்கி, மாலைகள், நீண்ட உரைகள். ஆனால் அந்த ஜோகியின் குழி இதே கூடத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால், யாருடைய நோன்பின் மேல் இந்தச் சபை கூடுகிறது என்பது தெரியும். மாஞ்சிகள் பேசுவதற்கு இன்னும் கூடுதலான நேரம் கொடுத்திருக்க வேண்டும் என்று வருத்தத்தோடு நினைத்தேன்.

ஊர்த்தெய்வங்களை வழியனுப்பும் குடும்ப ஜாத்ராவும், தந்தேவாடா அம்மனின் பல்லக்கு விடைபெறும் நிகழ்ச்சியும் இன்னும் இருக்கின்றன. என் விடுப்பு முடிந்துவிட்டது. ராய்ப்பூருக்குப் போகும் இரவுப் பேருந்தில் ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு மாஞ்சி. தலைப்பாகையை அவிழ்த்து நேர்த்தியாக மடித்துப் பைக்குள் வைத்திருந்தார். தர்பாரில் என்ன கேட்டீர்கள் என்று இந்தியில் விசாரித்தேன். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடிவதில்லை, ஒரு சிறு பாலம் கேட்டேன் என்றார். சென்ற ஆண்டு என்ன கேட்டீர்கள் என்றேன். அதே பாலத்தைத்தான் என்றார். அடுத்த ஆண்டும் வருவீர்களா என்று நான் கேட்டதை அவர் விளங்காதவர் போலப் பார்த்தார். "எங்கள் ஊர் வராவிட்டால் தேர் எப்படி ஓடும்?" என்று சொல்லிவிட்டு, பையை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கேஷ்கால் மலைப்பாதைக்கு முன்பே, விளக்கு எதுவும் தெரியாத ஒரு நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.